நஞ்சுக்கொடியில் ரத்தக்குழாய்கள் சரியாக அமையவில்லை என்கிறார்கள்: சாப்பாட்டாலும் டிரிப்ஸாலும் குழந்தையின் எடையை ஏற்ற முடியுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம் விவசாயக் குடும்பம். என் ஒரே மகளுக்கு இது தலைப்பிரசவம். கோவையில் மாப்பிள்ளையோடு இருக்கிறாள். இப்போது 30 வாரம். போன வாரம் ஸ்கேனில் குழந்தையின் எடை 1,050 கிராம்தான், 27 வாரக் குழந்தையின் அளவுதான் இருக்கிறது என்றார்கள். தொப்புள்கொடியில் ரத்த ஓட்டத்துக்குத் தடை அதிகமாக இருக்கிறதாம், ஆனால் ஓட்டம் நிற்கவில்லையாம். நஞ்சுக்கொடியில் ரத்தக்குழாய்கள் சரியாக அமையாததுதான் காரணம், வாரம் இரண்டு முறை ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்க்க வேண்டும், முன்கூட்டியே குழந்தையை எடுக்க வேண்டி வரலாம் என்கிறார் அங்குள்ள டாக்டர். எடை ஏற மருந்து எதுவும் தரவில்லை. முதல் நாலு மாசம் மசக்கையில் இவளுக்குத் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. அப்போதே கூட்டி வந்து வைத்துப் பார்த்திருந்தால் இப்படி ஆகியிருக்காதோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. சம்பந்தியம்மாவும் அதையேதான் சொல்கிறார். வேறு ஆஸ்பத்திரியில் அமினோ ஆசிட் டிரிப்ஸ் போட்டால் எடை ஏறும் என்கிறார்கள் தெரிந்தவர்கள். அந்த ரத்தக்குழாய்களை உருவாக்க மருந்தே இல்லையா? நான் இவளைப் பெற்றபோதும் 2.3 கிலோதான், அந்த வாகாக இருக்குமோ? ஒன்பதாம் மாதம் வளைகாப்பு போட்டு இங்கே கூட்டி வரலாமா?

பதில்: அம்மா, வணக்கம். முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயத்தைப் பேசிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம். உங்கள் மகளின் மசக்கையால் குழந்தை மெலியவில்லை. நான்காம் மாதம் முடியும்போது வயிற்றுக் குழந்தையின் எடை ஏறக்குறைய 150 கிராம்தான். அந்தச் சின்ன உடம்புக்கு வேண்டியதைத் தாயின் உடம்பிலுள்ள சேமிப்பே கொடுத்துவிடும்.

இதற்குச் சரித்திரத்தில் ஒரு கொடுமையான சான்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45இல், நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் ஜெர்மன் ராணுவம் தடுத்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரிகூடக் கிடைக்காத நிலை வந்தது. அப்போது கர்ப்பமாக இருந்த பெண்களின் பிரசவப் பதிவேடுகளைப் பின்னாளில் எடுத்து ஆராய்ந்தார்கள். கடைசி மாதங்களில் பட்டினி கிடந்தவர்களின் குழந்தைகள் சராசரியாக 300 கிராம் அளவுக்கு எடை குறைந்து பிறந்திருந்தன. ஆரம்ப மாதங்களில் மட்டும் பட்டினி கிடந்து, பிறகு சாப்பாடு கிடைத்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறந்த எடை குறையவில்லை. உங்கள் மகளுக்கு நடந்தது பஞ்சமும் இல்லை. நாலு மாதத்துக்குப் பிறகு நன்றாகவே சாப்பிட்டிருப்பாள். சம்பந்தியம்மாவிடமும் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். பழி சொல்லும் வீட்டில் இருக்கும் கர்ப்பிணிக்கு ரத்தக் கொதிப்பைப் பற்றியும் குழந்தையின் அசைவைப் பற்றியும் வாய்விட்டுச் சொல்லத் தயக்கம் வந்துவிடும். இப்போது அவள் எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டிய நேரம்.

சரி, ரத்தக்குழாய் விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். நஞ்சுக்கொடிக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கத்தில் தாயின் ரத்தம் வருகிறது, இன்னொரு பக்கத்தில் குழந்தையின் ரத்தம் வருகிறது. இரண்டும் கலப்பதில்லை. நடுவில் இருக்கும் மெல்லிய சவ்வு வழியாகத்தான் பிராணவாயுவும் சத்தும் குழந்தைக்குப் போகின்றன. இரண்டு பக்கத்திலும் ரத்தக்குழாய்கள் சரியாக அமைய வேண்டும்.

முதலில் தாயின் பக்கம். கர்ப்பப்பையின் உட்சுவரில் நூறு வரை சிறிய சுருள் தமனிகள் நஞ்சுக்கொடியின் அடியில் வந்து திறக்கின்றன. சாதாரண நாட்களில் அவை குறுகலானவை, சுற்றிலும் தசை உள்ளவை. கரு பதிந்த பிறகு, நஞ்சுக்கொடியின் செல்கள் அந்தத் தமனிகளுக்குள் நுழைந்து, அந்தத் தசையைக் கரைத்து, வாயை அகலமாக்கிவிடுகின்றன. அதன் பிறகு தாயின் உடம்பு நினைத்தாலும் அந்தக் குழாய்களைச் சுருக்க முடியாது. இதை 1967இல் பிரோசன்ஸ், ராபர்ட்சன், டிக்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் விவரமாக எழுதினார்கள். இன்றைக்கும் எங்கள் துறையின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று அது. இன்னொரு அதிசயமும் இருக்கிறது. முதல் பத்துப் பன்னிரண்டு வாரம் இதே செல்கள் அந்தத் தமனிகளின் வாயை அடைத்தே வைத்திருக்கும். கரு உருவாகும் காலத்தில் பிராணவாயு கூடுதலாக வந்தால் அதற்குக் கெடுதல். உறுப்புகள் உருவாகி முடிந்த பிறகுதான் அடைப்பு விலகி, ரத்தம் தாராளமாக வரத் தொடங்கும். தமனிகளை அகலமாக்கும் வேலை ஏறக்குறைய ஐந்தாம் மாதம் வரை நடக்கிறது.

கொடிவேரி வாய்க்கால் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள், அதனால் அதை வைத்தே சொல்கிறேன். அகலமான மடையில் வரும் தண்ணீர் மெதுவாகப் பரவி வயல் முழுவதும் ஊறும். அதே தண்ணீரைக் குறுகிய குழாயில் விட்டால் பீய்ச்சியடித்து விழுந்த இடத்தில் மண்ணை அரிக்கும், கடைமடைக்கு ஈரம் போகாது. நஞ்சுக்கொடியிலும் இதுதான் நடக்கிறது. நன்றாக அகன்ற தமனியிலிருந்து ரத்தம் நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் நிதானமாக வருகிறது. அகலாத தமனியிலிருந்து நொடிக்கு ஒரு மீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அளவு குறைவது ஒரு கெடுதல் என்றால், இந்த வேகம் இன்னொரு கெடுதல். குழந்தையின் பக்கத்து மென்மையான திசுக்களை அது அடித்துச் சிதைக்கிறது. ரத்தம் சத்தைக் கொடுக்க நேரமில்லாமல் திரும்பியும் போய்விடுகிறது.

குழந்தையின் பக்கம் இன்னும் நுணுக்கமானது. தாயின் ரத்தத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் விரல் வடிவத் துளிர்களுக்குள், கருவுற்ற மூன்றாம் வாரத்தின் கடைசியிலேயே முதல் ரத்தக்குழாய்கள் தோன்றிவிடுகின்றன. பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போயிருப்பதுகூட அப்போது உறுதியாகத் தெரிந்திருக்காது. அதிலிருந்து ஏறக்குறைய 24, 26 வாரம் வரை குழாய்கள் கிளைவிட்டுக்கொண்டே போகும். அதன் பிறகு கிளைகள் நீண்டு மடிந்து, சவ்வுக்கு மிக அருகில் வந்து நிற்கும். நிறைமாதத்தில் நஞ்சுக்கொடியின் எடை அரைக் கிலோதான். ஆனால் அந்தத் துளிர்களை எல்லாம் விரித்துப் போட்டால் ஒரு சிறிய அறையின் தரை அளவு, ஏறக்குறைய 12 சதுர மீட்டர் வரும். இப்படிக் கிளைவிடச் சொல்லித் தூண்டும் புரதங்களை நஞ்சுக்கொடியே சுரக்கிறது. அதில் ஒன்றின் பெயர் பிஎல்ஜிஎஃப். தாயின் பக்கத்துத் தமனிகள் அகலாமல் போனால், நோய்ப்பட்ட நஞ்சுக்கொடி வேறொரு புரதத்தை அளவுக்கு மீறி வெளியிட்டு, இந்த நல்ல புரதத்தைக் கட்டிப்போட்டுவிடுகிறது. அதனால்தான் ஒரு பக்கம் கெட்டால் மறு பக்கமும் கெடுகிறது. தாய்க்கு ரத்தக் கொதிப்பு வருவதற்கும் இதுவே வழி. கடுமையான நிலையில் உள்ள நஞ்சுக்கொடியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், துளிர்களுக்குள் குழாய்கள் கிளை குறைந்து, மெலிந்து நீண்டு கிடக்கும்.

நான் சொன்ன வாரங்களைக் கவனித்தீர்களா? தாயின் பக்கம் ஐந்தாம் மாதத்தோடு முடிந்துவிட்டது. குழந்தையின் பக்கமும் கிளைவிடும் காலம் தாண்டிவிட்டது. உங்கள் மகள் 30 வாரத்தில் இருக்கிறாள். இந்த வேலையை மறுபடி தொடங்கிவைக்கும் மருந்து இன்று உலகத்தில் எங்கேயும் இல்லை. லண்டனில் ஒரு குழு, குழாய் வளரத் தூண்டும் மரபணுவைக் கர்ப்பப்பையின் தமனி வழியாகச் செலுத்தும் முறையை ஆராய்ந்து வருகிறது. ஆடுகளில் குட்டியின் வளர்ச்சி கூடியது. ஆனால் மருத்துவமனைகளில் தரக்கூடிய சிகிச்சையாக அது இன்னும் வரவில்லை.

அப்படியானால் வெளியில் தரப்படும் டிரிப்ஸ், பவுடர், சாஷே எல்லாம் என்ன? உங்கள் மகளின் டாக்டர் எடை ஏற மருந்து தரவில்லை என்று வருத்தமாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதை நல்லதாகத்தான் பார்க்கிறேன். நம் ஊரில் "குழந்தைக்கு எடை கம்மி" என்றதும் அமினோ ஆசிட் பாட்டிலை மாட்டிவிடும் பழக்கம் வேரூன்றிவிட்டது. தாயின் ரத்தத்தில் அமினோ அமிலம் போதாமல் குழந்தை மெலிந்திருந்தால் அது உதவலாம். இங்கே சத்து ரத்தத்தில் இருக்கிறது, அந்தப் பக்கம் கடக்க வழிதான் குறைவு. பாட்டில் வழியாக ஏற்றினால் கடக்கும் வழி கூடாது. குழந்தை பிழைக்கவோ வளரவோ அது உதவுகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. ஒவ்வொரு பாட்டிலுக்கும் நீங்கள் கொடுக்கும் பணத்தைப் பயணத்துக்கும் ஸ்கேனுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

புரோட்டீன் பவுடர் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் ஏழைக் கர்ப்பிணிகளுக்குப் புரதம் மிகுந்த பானத்தைக் கொடுத்துப் பார்த்து, 1980இல் முடிவை வெளியிட்டார்கள். எடை கூடவில்லை. அதைவிட மோசம், அந்தக் குழுவில் குறைமாதப் பிறப்பும் பிறந்தவுடன் இறப்பும் கூடுதலாகத் தெரிந்தன. அதனால் வீட்டுச் சாப்பாட்டில் முட்டை, பயறு, பால், மீன், கீரை எல்லாம் இருக்கட்டும். டப்பாவில் வரும் பவுடரைக் கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டாம். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் அதற்கு இரும்புச் சத்து கட்டாயம் வேண்டும், அது தனி விஷயம்.

சில்டனாபில் என்ற மாத்திரையை யாராவது எழுதித் தந்தால் தயங்காமல் கேள்வி கேளுங்கள். ரத்தக்குழாயை விரிக்கும் மருந்து என்பதால், கருவில் மெலிந்த குழந்தைக்கு உதவும் என்று ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கை இருந்தது. பல நாடுகளில் முறையான சோதனை நடத்தினார்கள். குழந்தைக்குப் பயன் தெரியவில்லை. நெதர்லாந்தில் நடந்த சோதனையை 2018இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். மருந்து கொடுத்த குழுவில் பிறந்த குழந்தைகளுக்கு நுரையீரல் ரத்தக்குழாய்ப் பிரச்சினையும் அதனால் மரணங்களும் கூடுதலாக வந்ததே காரணம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் அப்படித்தான். ரத்தம் உறையும் தன்மையுள்ள ஒரு குறிப்பிட்ட நோய் இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தால் அதற்கு இடம் உண்டு. குழந்தை மெலிந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தினமும் குத்திக்கொள்ள வேண்டியதில்லை. முழு ஓய்வு, படுத்த படுக்கை என்பதும் வேண்டாம். அதனால் குழந்தை வளர்வதாகத் தெரியவில்லை, தாய்க்குக் காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடுகிறது. வீட்டுக்குள் நடக்கட்டும், லேசான வேலை செய்யட்டும். தூங்கும்போது மட்டும் மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்க வேண்டும்.

மருந்து இல்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நோயில் குழந்தையைக் காப்பாற்றுவது இரண்டே காரியம். விடாமல் கண்காணிப்பது ஒன்று. பிறக்க வேண்டிய நாளைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது இன்னொன்று. அந்த இரண்டும் டாப்ளர் திரையிலிருந்துதான் தொடங்குகின்றன.

அடுத்த முறை மகளோடு நீங்களும் போங்கள். தொப்புள்கொடித் தமனியில் கருவியை வைத்ததும் திரையில் வரிசையாக அலைகள் ஓடும். குழந்தையின் இதயம் சுருங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு முகடு எழும், பிறகு சரியும். சரிந்தாலும் அடியில் இருக்கும் கோட்டைத் தொடாமல், கொஞ்சம் உயரத்திலேயே இருக்கும்போது அடுத்த முகடு எழுந்துவிட வேண்டும். இரண்டு முகட்டுக்கு நடுவில் உள்ள அந்தத் தாழ்வான பகுதியைத்தான் நாங்கள் உற்றுப் பார்ப்போம். இதயம் ஓய்வெடுக்கும் அந்தக் கணத்திலும் ரத்தம் நஞ்சுக்கொடியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்று அது சொல்கிறது. நஞ்சுக்கொடியில் குழாய்கள் குறையக் குறையத் தடை ஏறி, அந்தத் தாழ்வு இன்னும் இறங்கும். மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குழாய்கள் பாதிக்கப்பட்ட பிறகுதான் அலையில் மாற்றமே தெரியும். கோட்டைத் தொட்டுவிட்டால், ஓய்வு நேரத்தில் ஓட்டம் நின்றுவிட்டது என்று பொருள். கோட்டுக்குக் கீழே போனால் ரத்தம் திரும்பி வருகிறது என்று பொருள். அதுதான் எங்களை விரைந்து செயல்பட வைக்கும் நிலை. உங்கள் மகளுக்குத் தாழ்வு இறங்கியிருக்கிறது, கோட்டைத் தொடவில்லை. கடிதத்தில் "ஓட்டம் நிற்கவில்லையாம்" என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியில் எனக்கு நிறைய நம்பிக்கை இருக்கிறது.

தொப்புள்கொடியில் டாப்ளர் அலையை முதலில் பதிந்து காட்டியவர்கள் டப்ளின் நகரத்து ஃபிட்ஸ்ஜெரால்டும் டிரம்மும், 1977இல். பிறகு நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆபத்துள்ள கர்ப்பங்களில் இப்படிக் கண்காணிப்பதால் குழந்தை இறப்பு ஏறக்குறைய 29 சதவீதம் குறைந்திருந்தது. தொப்புள்கொடியோடு, குழந்தையின் மூளைக்குப் போகும் தமனியையும் பார்ப்பார்கள். பிராணவாயு குறையும்போது குழந்தை தன் ரத்தத்தை மூளைக்குக் கூடுதலாகத் திருப்பிவிடும். அந்த ஓட்டம் கூடியிருந்தால் குழந்தை சமாளிக்கப் போராடுகிறது என்று தெரிந்துகொள்வோம். ஈரலுக்கு அருகே இதயத்துக்குப் போகும் ஒரு சிறு சிரையும் உண்டு. அது மாறினால் இதயமே களைத்துவருகிறது என்று அர்த்தம்.

வளர்ச்சியை அளக்கும் ஸ்கேனை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். நாலு நாளில் மறுபடி எடை பார்க்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஸ்கேனில் சொல்லும் எடையில் 10, 15 சதவீதம் கூடக்குறைய வருவது சாதாரணம். வேறு சென்டரில் போய்ப் பார்த்து, "50 கிராம் குறைந்துவிட்டது" என்று அழுதுகொண்டு வரும் குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். குழந்தை குறையவில்லை, அளவைதான் மாறியிருக்கிறது. முடிந்தவரை ஒரே இடத்தில் பாருங்கள்.

எப்போது எடுப்பார்கள் என்று கேட்டால், தேதியை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் கணக்கு இப்படி: இப்போதுள்ள நிலை இப்படியே நீடித்தால் 36, 37 வாரம் வரை போகலாம். ஓட்டம் நின்றுவிட்டால் 34 வாரத்தைத் தாண்டவிட மாட்டார்கள். திரும்பி ஓடத் தொடங்கினால் 30 முதல் 32 வாரத்துக்குள் எடுத்துவிடுவார்கள். குழந்தையின் இதயத்துடிப்பைப் பதியும் சிடிஜி கெட்டாலோ, தாய்க்குக் கொதிப்பு கட்டுமீறினாலோ எந்த வாரமானாலும் எடுக்க வேண்டியதுதான். "ஆபத்து என்றால் இன்றைக்கே எடுத்துவிடலாமே" என்று சிலர் கேட்பார்கள். 30 வாரத்தில் ஒவ்வொரு நாளும் நுரையீரலுக்கும் மூளைக்கும் பெரிய லாபம். ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் 20 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2015இல் வந்தது. 32 வாரத்துக்கு முன்பே மெலிந்துபோன குழந்தைகளை அதில் பார்த்தார்கள். இதயத்துடிப்பின் மாற்றத்தை மட்டும் வைத்து எடுத்த குழந்தைகளில் பிழைத்தவர்களுக்கு இரண்டு வயதில் நரம்பு வளர்ச்சிக் குறை இல்லாதவர்கள் 85 சதவீதம். நான் சொன்ன அந்தச் சிறு சிரை நன்றாகக் கெடும் வரை கவனமாகக் காத்திருந்து எடுத்தவர்களில் அது 95 சதவீதம். அவசரப்படாமல் காத்திருப்பதும் சிகிச்சைதான். ஆனால் கண்காணிப்போடு காத்திருந்தால் மட்டுமே.

பிரசவம் நெருங்குகிறது என்று தெரிந்ததும் உங்கள் மகளுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், ஒரு நாள் இடைவெளியில் இரண்டு, அல்லது பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தும் ஊசி அது. 1972இல் நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி இருவரும் நிரூபித்துக் காட்டியதிலிருந்து எத்தனையோ குழந்தைகளை அது பிழைக்க வைத்திருக்கிறது. "ஸ்டீராய்டா?" என்று பயந்து மறுத்துவிடாதீர்கள். 32 வாரத்துக்கு முன் பிறக்கப்போகிறது என்றால் குழந்தையின் மூளையைக் காக்க மெக்னீசியம் சல்பேட்டும் கொடுப்பார்கள்.

இப்போது வளைகாப்பு. தலைப்பிரசவத்துக்கு மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும் என்ற உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. இந்த முறை வேண்டாம் அம்மா. எந்த நேரத்திலும் ஆபரேஷன் செய்ய வேண்டி வரலாம், பிறக்கும் குழந்தைக்கு உடனே வென்டிலேட்டரும் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவும் வேண்டும். ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான குழந்தையைப் பிறந்த பிறகு ஆம்புலன்ஸில் இரண்டு மணி நேரம் கொண்டுபோவதைவிட, தாயின் வயிற்றோடு அந்த மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருப்பது பல மடங்கு பாதுகாப்பு. ஒன்பதாம் மாதம் வரை காத்திருக்காமல், வளையலைக் கோவையிலேயே இந்த வாரமோ அடுத்த வாரமோ சிறியதாகப் போட்டுவிடுங்கள். அப்புறம் நீங்கள் பையை எடுத்துக்கொண்டு மகளிடம் போய்த் தங்கிவிடுங்கள். பிரசவம் பார்க்கும் இடத்தில் 30, 32 வாரக் குழந்தைகளைப் பார்க்கும் வசதி உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். இல்லையென்றால் இப்போதே மாற்றிக்கொள்ளலாம். செலவு கட்டுப்படியாகாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், அவசரப் பிரசவத்தையும் பச்சிளங்குழந்தையையும் கவனிக்கும் சீமாங்க் மையத்தில் இதற்கான வசதி இருக்கிறது. அரசின் கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண்ணும் எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டும் ஒரே ஃபைலில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அங்கே போனதும் உங்களுக்கு இரண்டு வேலை. ஒன்று, வீட்டில் பிபி மெஷின் வாங்கிக் காலையும் மாலையும் பார்த்து எழுதி வையுங்கள். 140/90 தொட்டால், அல்லது விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, திடீரென்று முகம் வீங்குவது, ரத்தப்போக்கு எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரண்டு, குழந்தையின் அசைவு. எத்தனை உதை என்று எண்ணிக் குழம்ப வேண்டாம். வழக்கமான அசைவு எப்படி என்று அவளுக்கே தெரியும். அது குறைந்ததாகத் தோன்றினால் உடனே கிளம்புங்கள். ஜூஸ் குடித்துப் பார்க்கலாம், சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம், விடியட்டும் என்று உட்காரக் கூடாது. ராத்திரி இரண்டு மணியானாலும் 108ஐக் கூப்பிடுங்கள். போய் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று திரும்பி வந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

உங்கள் மகள் 2.3 கிலோவில் பிறந்தாள் என்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வாகினால் சிறியதாக இருக்கும் குழந்தைகள் உண்டு. அவற்றுக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், சிறியதாகவே சீராக வளரும். டாப்ளரில் தடை தெரிவதால் இதை வாகு என்று விட்டுவிட முடியாது. கிருமித் தொற்று, குரோமோசோம் கோளாறு போன்ற காரணங்களையும் ஐந்தாம் மாத ஸ்கேனை வைத்து டாக்டர் யோசித்திருப்பார். ஒரு முறை கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள்.

குழந்தை பிறந்ததும் சர்க்கரை குறைவதும் உடம்பு குளிர்வதும்தான் முதல் நாட்களின் கவலை. சீம்பால் துளித்துளியாக வந்தாலும் பிழிந்து கொடுக்கச் சொல்வார்கள், விடாமல் செய்யட்டும். நெஞ்சோடு தோலில் தோல் படும்படி குழந்தையை வைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பைக் கேட்டு வாங்குங்கள். டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. 1 முதல் 1.8 கிலோ வரை உள்ள குழந்தைகளைப் பிறந்த உடனேயே இப்படி வைத்துக்கொண்டபோது முதல் மாத இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆபரேஷன் ஆன மகள் எழ முடியாத நேரத்தில் பாட்டியான நீங்களும் குழந்தையை நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம். குளித்து, துவைத்த முன்திறப்பு ரவிக்கை போட்டுக்கொண்டு போனால் போதும், நர்ஸ் சொல்லித் தருவார்.

நஞ்சுக்கொடியைக் குப்பையில் போட விடாதீர்கள். பேத்தாலஜி பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி ஆபரேஷனுக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். குழாய்கள் எந்தப் பக்கம், எவ்வளவு கெட்டிருந்தன என்று அதில்தான் தெரியும். பிறகு சில வாரம் கழித்து, ரத்தம் உறையும் தன்மைக்கான ஆன்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு முறை பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் விட்டு மறுபடி பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். இவளுடைய அடுத்த கர்ப்பத்துக்கு இந்த ஃபைல் ரொம்ப முக்கியம். அடுத்த முறை நாள் தள்ளிப்போனதும் 12 வாரத்துக்குள் இதை டாக்டரிடம் காட்டினால், 16 வாரத்துக்கு முன்பே ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் இரவில் ஒரு மாத்திரை என்று தொடங்கி 36 வாரம் வரை கொடுப்பார்கள். கர்ப்பக் கொதிப்பின் ஆபத்து கூடுதலாக இருந்த பெண்களிடம் 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், குறைமாதத்தில் வரும் கர்ப்பக் கொதிப்பை இந்த மாத்திரை 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைத்தது. தமனிகள் அகலமாகும் வாரங்களில் தொடங்கினால்தான் அதற்குப் பலன். இப்போது 30 வாரத்தில் புதிதாகத் தொடங்கிப் பயனில்லை. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை சாப்பிடட்டும்.